நம் ஊர்ப் போரை மேஜையில் ஆட: ‘பிளாக் பவுடர்’ விமர்சனம்

1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய மேஜர் மெக்காலேயின் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து சேர்ந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மறுபடி எழுப்பி நடத்திய போர் இது. வாட்டர்லூவையும் கெட்டிஸ்பர்க்கையும் பெயின்ட் அடித்த மினியேச்சர் படைகளை வைத்து உலகம் முழுக்க ஆடுகிறார்கள். தூத்துக்குடிக்காரர்கள் ஆட வேண்டிய போர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு ‘பிளாக் பவுடர்’ விதிநூல் ஒத்துவருமா என்று ஆடிப் பார்த்தேன்.

ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதி, வார்லார்ட் கேம்ஸ் 2009-ல் வெளியிட்ட நூல். இரண்டாம் பதிப்பு 2018-ல் வந்தது. 1700 முதல் 1900 வரையிலான துப்பாக்கிக் காலப் போர்களுக்கானது. சாதாரண ஆறுமுகப் பகடைகளும் ஒரு டேப்பும் போதும்.

இதன் உயிர் கட்டளை விதியில் இருக்கிறது. “இரண்டாம் படை முள்வேலி வரை போகட்டும்” என்று தளபதி முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் இரண்டு பகடை உருட்டலாம். தளபதியின் திறன் 8 என்றால், 8-க்கு மேல் விழுந்தால் படை நின்ற இடத்திலேயே நிற்கும். 36-ல் 10 வாய்ப்பு அதற்கு உண்டு. எண் குறையக் குறைய மூன்று நகர்வு வரை கிடைக்கும். ஒரு அணி வேலியைத் தாண்டிவிட, துணைக்கு வர வேண்டிய அணி பின்னாலேயே திகைத்து நிற்கும்போது, மெக்காலே பட்ட பாடு கண்முன் வந்துவிடுகிறது. இந்த ஒரு விதிக்காகவே நூலைப் பாராட்டலாம்.

கோட்டைக்குள் அதே விதி பொருந்தவில்லை. குரல் எட்டும் தூரத்தில் நிற்கும் வீரர்களுக்கு ஊமைத்துரையின் கட்டளை போய்ச் சேராது என்பது நம்பும்படி இல்லை. சுவருக்குள் இருப்பவர்களுக்குப் பகடை வேண்டாம் என்று மாற்றிக்கொண்டேன். இன்னொரு குறை, சுவர்மேல் நடக்கும் கைகலப்பு. உடைப்பில் ஏறிய கம்பெனி வீரர்களை நீண்ட வல்லயங்கள்தான் தடுத்தன. நூலோ வெட்டவெளிச் சண்டைக்கே எழுதப்பட்டது. ஏறி வருபவர் மேல் கோட்டைக்காரர் முதலில் பகடை உருட்டட்டும் என்று வைத்ததும் ஆட்டம் நிமிர்ந்தது. கோட்டை விழுந்தபோதும் ஊமைத்துரை தப்பிச் சென்றார். அதனால் அவர் மேஜையின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அந்தத் தரப்புக்குப் பாதி வெற்றி என்று கொடுப்பதே நியாயம்.

அடுத்தது அளவு. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், கோட்டை சுமார் 500 அடிக்கு 300 அடி, மண்சுவர் 12 அடி உயரம் என்று எழுதியிருக்கிறார். 28 மி.மீ. உருவங்களுக்கு அதே விகிதத்தில் கட்டினால் கோட்டை மட்டும் ஒன்பது அடி நீளம் வரும். எந்த வீட்டிலும் அதற்கு மேஜை இல்லை. 15 மி.மீ. என்றால் ஐந்துக்கு மூன்றடி. 6 மி.மீ. என்றால் இருபது அங்குலத்துக்குப் பன்னிரண்டு, சுவர் அரை அங்குல உயரம். நான் 15 மி.மீ.-ஐயே பரிந்துரைப்பேன். தொப்பியும் தலைப்பாகையும் அதில்தான் கண்ணுக்குப் பிரிந்து தெரிகின்றன. வல்லயத்துக்குப் பனையோலை ஈர்க்கைச் சீவி ஒட்டினால் கம்பியைவிட நேராக நிற்கிறது.

சுவருக்குத் தெர்மோகோலின் மேல் களிமண் பூசலாம். தரைக்குச் சிவந்த தேரி மணல் அழகாக இருக்கும் என்று கை போகும், வேண்டாம். அது குதிரைமொழிப் பக்கத்து மண். ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக்குக் கரிசல்தான் சரி. ஈரக் கடற்காற்று வீசும் நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் உருவங்களின் மேல் வெள்ளை படர்ந்துவிடும், பிரஷ்ஷால் பூசுங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவிடம். அதைப் பார்த்து மாதிரி செய்யாதீர்கள். வெல்ஷின் வர்ணனையை வைத்துச் செய்யுங்கள்.

வெட்டவெளிப் போர்களுக்கு ‘பிளாக் பவுடரை’ அப்படியே ஆடலாம். பாஞ்சாலங்குறிச்சிக்கு மேலே சொன்ன மூன்று மாற்றங்களையும் எழுதி நூலுக்குள் செருகிக்கொண்டு வாங்கலாம்.