வாசலில் நிற்கும் வீரன்: ஊர் திரும்பும் கதைகளின் மரபுகளும் உரைகற்களும்

ஹோமரின் ‘ஒடிசி’யில் இருபத்து நான்கு காண்டங்கள். அதன் நாயகன் ஒடிசியஸ் சொந்த ஊரான இதாகாவின் மண்ணை மிதிப்பது பதின்மூன்றாம் காண்டத்தில். ஒற்றைக்கண் அரக்கன், மயக்கிப் பாடும் கடற்கன்னியர், கப்பலை உடைத்த புயல், கலிப்சோவின் தீவில் கழிந்த ஏழு ஆண்டுகள் என நமக்கு நினைவில் நிற்கும் சாகசங்கள் எல்லாம் முதற்பாதியோடு முடிந்துவிடுகின்றன. மீதிப் பாதி ஒரே தீவில், ஒரே வீட்டைச் சுற்றி நடக்கிறது. பத்தாண்டுப் போரும் பத்தாண்டு அலைச்சலும் முடித்து வந்தவன் உறக்கத்திலேயே கரையில் இறக்கப்படுகிறான். கண் விழித்துப் பார்த்தால் தன் ஊரே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

பாதிக் காவியத்தை வாசலுக்கு ஒதுக்கிய அந்தக் கவிஞரின் கணக்கு ஆழமானது. கடலைக் கடக்க உடல் வலிமையும் தந்திரமும் போதும். வாசலைக் கடக்க, உள்ளே இருப்பவர்கள் வந்தவனை அடையாளம் கண்டு ஏற்க வேண்டும். ஊர் திரும்பும் கதைகளை மதிப்பிட இதைவிட நல்ல உரைகல் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. கிரேக்கத்திலும் தமிழிலும் அக்கதையைச் சொன்ன மரபுகளை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்ப்போம்.

கிரேக்கர் வகுத்த நெறி

ஒடிசி முதலில் வாய்மொழிப் பாட்டு. காவியத்துக்குள்ளேயே பாடகர்கள் வருகிறார்கள். டெமொடோகஸ் என்ற கண்ணிழந்த பாடகன் டிராய்ப் போரைப் பாடக் கேட்டு ஒடிசியஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். அடுத்து வந்தவர்கள் மேடையில் ஓதுவோர். ஏதென்ஸ் நகரப் பெருவிழாவில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர வேண்டும் என்று விதி இருந்ததாகச் சொல்வர். அதற்குப் பின் அலெக்சாந்திரியா நூலகத்தின் பதிப்பாசிரியர்கள் வந்தார்கள். ஏடுகளை ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய அடிகளுக்குக் குறியிட்டார்கள்.

அவர்களில் பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீசும் அரிஸ்டார்க்கசும் ஒரு கேள்வி எழுப்பினர்: ஒடிசி எங்கே முடிகிறது? இருபத்து மூன்றாம் காண்டத்தில் கணவனும் மனைவியும் ஒன்றுசேரும் இடமே முடிவு என்றனர் அவ்விருவரும். ஏட்டில் கதை மேலும் போகிறது. முதிய தந்தையைத் தோட்டத்தில் சந்தித்து, சிறுவயதில் அவர் தனக்கென்று கொடுத்த மரங்களைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டுகிறான் மகன். மனைவியை மணக்கக் கேட்டு வீட்டில் முகாமிட்டிருந்து அவனால் கொல்லப்பட்டவர்களின் உறவினர் பழிவாங்க வருகிறார்கள். தெய்வமான ஏதீனா சமாதானம் செய்துவைக்கிறாள். மனைவியோடு முடிக்க வேண்டுமா, தந்தையோடும் ஊரோடும் முடிக்க வேண்டுமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அரிஸ்டாட்டில் இந்தக் காவியம் முழுவதையும் அடையாளம் காணும் தருணங்களின் கோவையாகப் பார்த்தார். கிழட்டு நாய் ஆர்கோஸ் அவனை அறிந்து வாலாட்டி உயிர்விடுகிறது. கால் கழுவிவிடும் செவிலி யூரிக்ளியா தொடைத் தழும்பைத் தடவி அறிகிறாள். மனைவி பெனலோப்பி எளிதில் நம்புபவள் அல்லள். கட்டிலை வெளியே எடுத்துப்போடச் சொல்லிச் சோதிக்கிறாள். வேரூன்றிய ஒலிவ மரத்தையே காலாக வைத்துக் கட்டிய கட்டில் அது. நகர்த்த முடியாது என்பது அவர்கள் இருவரும் ஒரு பணிப்பெண்ணும் மட்டுமே அறிந்த செய்தி. நாயகனைச் சோதிக்கும் உரிமை காத்திருந்தவளுக்கு இருக்கிறது. கிரேக்க மரபின் மிக உயர்ந்த இடம் இதுதான்.

முல்லை: காத்திருப்பின் இலக்கணம்

சங்கப் புலவர்கள் வேறு வழியில் போனார்கள். ஊர் திரும்புதலை நெடுங்கதையாக விரிக்காமல், காத்திருப்பையே முல்லைத் திணையின் உரிப்பொருளாக்கினார்கள். காடு நிலம், கார்காலம் பெரும்பொழுது, மாலை சிறுபொழுது. மழைக்கு முன் வருவேன் என்று சொல்லிப் போனவன் வினை முடித்து மீள்கிறானா என்பதே கேள்வி.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. அதற்குள் இரண்டு இடங்கள், இரண்டு தூக்கமின்மைகள். ஊரில் பெருமுது பெண்டிர் நற்சொல் கேட்கப் போகிறார்கள். தாயைப் பிரிந்து வாடும் கன்றிடம், உன் தாயர் இதோ வந்துவிடுவர் என்று ஆயர்மகள் ஒருத்தி சொல்வது காதில் விழுகிறது. அதைச் சொல்லித் தேற்றியும் தலைவி தேறவில்லை. பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் நினைத்துக் கிடக்கிறான். வென்றவனுக்கும் தூக்கம் இல்லை என்று சொல்லத் துணிந்த பாட்டு அது. முடிவில் அவன் தேர்க் குதிரைகளின் ஒலி அவள் செவியை எட்டுகிறது. கவிஞர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்.

அகநானூற்றில் குறுங்குடி மருதனாரின் தலைவன் வேகமாகத் தேரோட்டி வருகிறான். பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலையக் கூடாது என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். போரிலிருந்து வீட்டுக்கு வருபவன் வழியிலேயே போர்க்குணத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது இம்மரபின் எதிர்பார்ப்பு. வாசலுக்கு வந்த பிறகும் வில்லெடுத்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொல்லும் ஒடிசியசுக்கு முல்லையில் இடம் கிடைத்திருக்காது.

காப்பியங்கள்: இராமனும் நளனும்

கம்பன் யுத்த காண்டத்தில் மீட்சிக்கென்றே ஒரு படலம் வைத்தான். பதினான்கு ஆண்டு கெடு முடிகிறது, அண்ணன் வரவில்லை, நந்தியம்பதியில் பரதன் தீ வளர்த்து அதில் இறங்க நிற்கிறான். அனுமன் பாய்ந்து வந்து கையாலேயே தீயை அணைக்கிறான். காத்திருந்தவனின் சோதனை, வருபவனின் சோதனைக்கு இம்மியும் குறைந்ததன்று என்பதைக் கம்பன் அந்தத் தீயில் காட்டிவிடுகிறான். வான்மீகியின் இராமன், பரதனின் முகக்குறிப்பை அறிந்து வரும்படி அனுமனை முன்னே அனுப்புகிறான். நாடு திரும்பிய அகமெம்னான் மனைவியாலும் அவள் துணைவனாலும் கொல்லப்பட்ட கதை ஒடிசியில் திரும்பத் திரும்ப எச்சரிக்கையாக ஒலிக்கிறதே, அந்த அச்சம் இங்கும் மெலிதாக இருக்கிறது. பரதன் அதைப் பொய்யாக்குகிறான்.

முடிவு பற்றிய வழக்கு இங்கும் உண்டு. கம்பன் முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து முடித்துக்கொண்டான். ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படும் உத்தர காண்டம் கதையை மேலும் கொண்டுபோகிறது. முடிசூட்டில் நிறைவு காண்பவர்களும், சீதையின் கணக்கு தீரவில்லை என்று மேலே படிப்பவர்களும் தமிழில் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் ஒடிசிக்கு மிக அருகில் நிற்கும் தமிழ் நூல் புகழேந்தியின் நளவெண்பா. சுயம்வரம், கலிதொடர், கலிநீங்கு என்று மூன்றே காண்டங்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள். சூதில் நாடிழந்த நளன் நள்ளிரவில் மனைவியைக் காட்டில் விட்டுப் போகிறான். கார்க்கோடகன் தீண்டி உருமாறுகிறான். வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் வேலைக்குச் சேர்கிறான். தேடலைத் தொடங்குபவள் தமயந்தி. கேள்வியொன்றைச் சொல்லி அனுப்புகிறாள். அதற்குப் பதில் சொன்னவன் யாரென்று ஊகிக்கிறாள். இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி பரப்பி அவனையே தேரோட்டி வரச் செய்கிறாள். பிறகு அவன் சமைத்த உணவைக் கொண்டுவரச் சொல்கிறாள். பிள்ளைகளை அவன் முன்னே அனுப்பி, அவன் கலங்குவதைப் பார்த்துவரச் சொல்கிறாள். உருவம் பொய் சொல்லலாம். கைப்பக்குவமும் பிள்ளைப் பாசமும் பொய் சொல்லா. பெனலோப்பி கட்டிலை வைத்துச் சோதித்ததற்கு இது எந்த வகையிலும் குறைந்ததன்று. ஒரு படி மேல் என்றே சொல்வேன்: ஒடிசியஸ் கடவுளின் சினத்தால் தாமதமானவன், நளனோ தானே கைவிட்டுப் போனவன். குற்றம் செய்தவனையும் ஏற்க வேண்டிய வாசல் அது.

மக்கள் இக்கதையை ஏட்டோடு விடவில்லை. காப்பியத்தில் நளனைப் பிடித்தது கலி. மக்கள் வழக்கில் அது சனி. திருநள்ளாற்றில் நளன் நீராடி விடுபட்டான் என்ற நம்பிக்கையில் இன்றும் கூட்டம் கூட்டமாக நள தீர்த்தத்தில் மூழ்கி எழுகிறார்கள்.

கூத்தும் கோயிலும்

பாரதக் கதையை ஊருக்குள் கொண்டுவந்தது திரௌபதி அம்மன் கோயிலும் தெருக்கூத்தும். அங்கே பாண்டவரின் வனவாசமும் ஓராண்டு மறைந்து வாழ்தலும் இரவு முழுக்க ஆடப்படுகின்றன. அரசர்கள் சமையற்காரனாக, ஆட்டம் சொல்லிக்கொடுப்பவனாக, குதிரைக்காரனாக வேடம் கொள்ளும் விராட பருவத்தைப் படித்தால் மழை வரும் என்பது பழைய நம்பிக்கை. இம்மரபின் உரைகல் பார்வையாளரின் உடலில் இருக்கிறது: கதை கேட்டவர் நோன்பிருந்து தீயில் நடக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூரில் உள்ள நம் ஸ்கூடாயிலிருந்து கடற்பாலம் கடந்தால், 1827-இல் தோன்றிய சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குச் சந்நிதி உண்டு. தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதிக்கு ஜொகூர்க்காரர்களுக்கும் அழைப்பு தேவையில்லை. மலாய் மொழியில் ‘ஹிக்காயாட் செரி ராமா’வும் கிளந்தான் நிழற்கூத்தும் இராம கதைக்குத் தங்கள் வடிவத்தைத் தந்தன. இந்த மண்ணுக்கு இக்கதைகள் அந்நியமல்ல.

ஒப்பிட்டவர்கள், மறுத்தவர்கள்

ஹோமரையும் தமிழையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தவர்களில் இருவரை நாம் மறக்கக் கூடாது. வ.வே.சு. ஐயர் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வில் ஹோமர், வெர்ஜில், மில்டன் ஆகியோரோடு ஒப்பிட்டுக் கம்பனுக்கே முதலிடம் தந்தார். இரண்டாமவர் க. கைலாசபதி. 1933-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பின்னர் யாழ்ப்பாணம் போய், பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். வாய்மொழிப் பாடகர்கள் ஆயத்தத் தொடர்களைக் கொண்டு பாட்டைக் கட்டுகிறார்கள் என்று மில்மன் பாரி கண்டறிந்ததைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டினார். 1968-இல் அது நூலாக வந்தது. சங்கப் பாடல்கள் பாணர் பாட்டைப் பின்பற்றிய புலவர் பாட்டு என்று ஜார்ஜ் ஹார்ட் போன்றோர் மாறுபட்டனர். ஐயர் அழகை அளந்தார். கைலாசபதி சமூகத்தை அளந்தார். இரண்டு அளவுகோலும் நமக்கு வேண்டும்.

மறுப்பும் மரபின் பகுதிதான். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943-இல் வந்தது. இராமன் மீண்டு வந்த மகிழ்ச்சிக்கு நடுவே, சீதை தீக்குளித்தாள் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். வாசலில் சோதனைக்கு உள்ளாக வேண்டியது வந்தவனா, காத்திருந்தவளா என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகத் தமிழில் யாரும் கேட்டதில்லை. ஒடிசியசின் ஆணையால் கொல்லப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களைப் பற்றி இன்று உலகம் கேட்பதும் அதே கேள்விதான்.

மலாயாவின் கதை

தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பலர், நாலு காசு சேர்த்துக்கொண்டு ரஜூலா கப்பலில் ஊர் திரும்புவோம் என்றுதான் வந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பலர் மீளவில்லை, மீண்டவர்கள் தோட்டத்து வாசலில் எலும்பும் தோலுமாக நின்றபோது சொந்தப் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தக் கதையைத் தமிழில் பதிந்தன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் போரையும் கடலையும் தாண்டுகிறான்; நினைவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவருகிறான்; ஊர் மட்டும் திரும்புவதில்லை. 1969-க்குப் பின் வேலை உரிமக் கெடுபிடியால் குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குப் போனபோது நேர்மாறான துயரம். அவர்கள் ஊர் திரும்பினார்கள். அங்கே அவர்களை அடையாளம் காண ஆளில்லை.

ஸ்கூடாயும் இதற்குள் இருக்கிறது. ரினி தோட்டம் இன்று முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதி. தோட்டப் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்னும் தாங்கி நிற்கிறது. பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளைகள் அருகிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். பலர் அன்றாடம் சிங்கப்பூர் போய் இரவில் திரும்புகிறார்கள். பிறந்த லயன் வீட்டைத் தேடிப் போகும் முதியவருக்கு, கண் விழித்த ஒடிசியசைப் போல, மண் இருந்தும் ஊர் தெரிவதில்லை.

எழுதப் போகிறவர்களுக்கு

இம்மரபுகளைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு அளவுகள் கிடைக்கின்றன. அடையாளம் வீட்டுக்குள் இருப்பவர் மட்டுமே அறிந்த ஒன்றால் நிகழ வேண்டும்: தழும்பு, கட்டில், கைப்பக்குவம். காத்திருந்தவரின் கதைக்கு வந்தவரின் கதைக்கு உள்ள அதே எடை வேண்டும். இது முல்லை தந்த பாடம். வந்தவர் வெளியே கற்ற வன்மையை வாசலில் இறக்கிவைக்க வேண்டும். முடிவு யாருடைய வலியையும் மறைத்துக்கொண்டு மங்களம் பாடக் கூடாது.

சயாம் போனவரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளோடு தோட்டத்தில் மரவள்ளி நட்டுக் காத்திருந்த பெண்களின் முல்லைப்பாட்டு இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. அவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கும்போதே ஸ்கூடாயின் இளையோர் கேட்டு எழுத வேண்டும். நம்முடைய கதை என்பதற்காக அதற்குச் சலுகை மதிப்பெண் வேண்டாம். ஹோமருக்கும் நப்பூதனாருக்கும் புகழேந்திக்கும் வைத்த அதே உரைகல்லில் அதையும் உரசுவோம். அந்த அளவுக்குத் தாங்கும் வாழ்வைத்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்.