குடியும் யாப்பும்: சேர் ஐவர் ஜெனிங்ஸ் பணி பற்றியதொரு மதிப்பீடு

கண்டி மாநகரிலிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தொலைவிலே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் பேராதனையில், ஹந்தானை மலையின் அடிவாரத்தே பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. அதன் கற்றூண்களையும் ஓட்டுக் கூரைகளையும் கண்டு வியவாதார் இலர். அம்மலையின் மேற்சாரலிலே தேயிலைத் தோட்டங்களும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களும் உள்ளன. கீழுள்ள மண்டபங்களை நோக்கும் கண் சற்றே நிமிர்ந்தால் மேலுள்ள லயங்களையும் காணும். இவ்விருவகை வாழிடங்களின் வரலாற்றோடும் தொடர்புடைய அறிஞர் ஒருவர் உளர். அவரே சேர் ஐவர் ஜெனிங்ஸ். பல்கலைக்கழகத்தை எழுப்பிய நிருவாகி என ஒரு சாரார் அவரைப் போற்றுவர். சுதந்திர இலங்கையின் முதலாவது யாப்பை வகுக்கத் துணைநின்ற அறிஞர் என மற்றொரு சாரார் அவரை ஆராய்வர். இருவேறு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலவே இப்பேச்சுக்கள் நிகழ்ந்து வருகின்றன. அவ்விரு பணிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஜெனிங்ஸ் 1903ஆம் ஆண்டிலே பிறிஸ்டல் நகரிற் பிறந்தவர்; கேம்பிரிட்ஜிற் கற்றவர்; லீட்ஸிலும் பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் சட்டம் கற்பித்தவர். 1933இல் வெளிவந்த ‘சட்டமும் யாப்பும்’, 1936இல் வெளிவந்த ‘மந்திரிசபை அரசாங்கம்’, 1939இல் வெளிவந்த ‘பாராளுமன்றம்’ ஆகிய நூல்களால் அவர் பெயர் ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் பரவிற்று. 1941இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இலங்கை வந்தார். அடுத்த ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதலாவது துணைவேந்தரானார். 1955 வரை அப்பதவியில் இருந்து, பின்னர் கேம்பிரிட்ஜிலே திரினிற்றி ஹோல் என்னும் கல்லூரியின் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1965இல் மறைந்தார். ஒருவர் ஆயுளில் நூலாசிரியப் பணியும் நிருவாகப் பணியும் இத்துணை நெருங்கிப் பிணைதல் அரிதினும் அரிது.

முதற்கண் நிருவாகியை நோக்குவாம். அவர் வந்தபோது இந்நாட்டின் உயர்கல்வி எந்நிலையில் இருந்தது? 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தானே பட்டமளிக்கும் அதிகாரம் இல்லை. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கே தோற்றினர். அஃதாவது, அக்காலத்தில் இலங்கையின் பட்டதாரி மாணவர் யாவரும் வெளிவாரி மாணவரே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் 1906 முதல் வேண்டி நின்றது சொந்தப் பல்கலைக்கழகம் ஒன்றனையே. அவ்வேண்டுகோளை நிறைவேற்றும் பொறுப்பு ஜெனிங்ஸின் கைக்கு வந்தது. போர்க்காலத்திலே தொடங்கி, பணியாளரைத் தேடி, பணத்துக்கு வாதாடி, பற்றிக் அபர்குரொம்பி வகுத்த திட்டத்தைச் சேர்லி டி அல்விஸ் என்னும் கட்டடக் கலைஞரைக்கொண்டு உருவாக்கி, 1952இலே பல்கலைக்கழகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். மாணவர் ஒன்றாய் உறைந்து கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்து மாணவரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி உரையாடினால், நூல்களால் வராத கல்வியும் வரும் என்று அவர் நம்பினார். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க என்னும் பெயர்கள் அவ்விடுதிகளிலே இன்றும் விளங்குகின்றன. இப்பணியைக் குறைத்துக் கூறுவார் உண்மைக்குப் புறம்பானவரே.

1954 ஏப்ரல் 20ஆம் நாள், எலிசபெத் அரசியாரோடு வந்திருந்த எடின்பரோக் கோமகன் அப்பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்தபோது, அது வழமையினும் மிகுதியாகத் திறந்திருக்கிறது என்று அறிவித்தார் என்பர். ஏற்கெனவே வகுப்புக்கள் நடந்துகொண்டிருந்த ஓர் இடத்தைத் ‘திறப்பது’ எங்ஙனம் என்னும் நகைச்சுவையே அக்கூற்றின் பொருள். எனினும் அந்நகைச்சுவைக்குள் ஒரு வினாவும் உண்டு. வாயில் யாருக்குத் திறந்திருந்தது? ஆங்கிலம் கற்ற சிலருக்கே அன்று அது திறந்தது. ஹந்தானைச் சாரலின் தோட்டப் பள்ளிக்கூடத்திலே சில வகுப்புக்களோடு கல்வி முடிந்துபோன பிள்ளைக்கு, கண்முன்னே தெரிந்த அக்கோபுரம் காத தூரத்தது. இக்கட்டுரையாளனும் வெளிவாரியாகவே பட்டம் பெற்றவன்; பேராதனையின் மரநிழலைத் தேர்வு நாட்களில் மட்டும் அனுபவித்தவன். அதனை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு மாளிகையைப் புறத்தே நின்று காண்பவனுக்கு அதன் வாயிலே முதலிற் புலப்படும் என்பதற்காகவே சொல்கின்றேன்.

இனி ஒப்பியலறிஞரை நோக்குவாம். பிரித்தானிய யாப்பு எழுதப்படாத யாப்பு. அதன் உயிர்நாடி சட்டத்தில் இல்லை, வழக்காறுகளிலேயே உள்ளது. அவ்வழக்காறுகள் ஏன் பேணப்படுகின்றன, மீறினால் யாது விளையும் என்பதைத் தெளிவாக வகுத்துக் காட்டியமையே ஜெனிங்ஸின் தனிச்சிறப்பு. இவ்வறிவோடு அவர் 1943 முதல் டி. எஸ். சேனநாயக்காவுக்கும் மந்திரிமாருக்கும் ஆலோசகராய் அமைந்தார். 1944ஆம் ஆண்டின் மந்திரிமார் வரைவிலே அவர் கைவண்ணம் மிகுதி. சோல்பரி ஆணைக்குழு அவ்வரைவைப் பெரும்பாலும் தழுவிற்று. ஆகவே 1949இல் வெளிவந்த அவருடைய ‘இலங்கையின் அரசியல் யாப்பு’ என்னும் நூல், தான் வளர்த்த பிள்ளையைத் தானே பாராட்டும் தந்தையின் நூலாகவும் அமைகின்றது. விளக்கத்தின் தெளிவிலே அதற்கு இணை கூறுதல் எளிதன்று. ஆனால் தந்தையின் கண்ணுக்குப் படாத குறை ஒன்று அப்பிள்ளையிடத்தே இருந்தது.

வள்ளுவர் அரசுக்குரிய அங்கங்கள் ஆறனை எண்ணுமிடத்து, படைக்கு அடுத்ததாகக் குடியை வைத்தார். அமைச்சும் அரணும் அதன் பின்னரே வருகின்றன. சோல்பரி யாப்பிலோ அமைச்சு நன்கு வகுக்கப்பட்டிருந்தது. 29ஆம் பிரிவு என்னும் அரணும் இருந்தது. ஓர் இனத்தார்க்கோ சமயத்தார்க்கோ மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அவ்வரண். ஆயின் குடி யாவர் என்பதை அந்த யாப்பு எங்குமே வரையறுக்கவில்லை. அவ்வினாவைப் பாராளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. அரண் கட்டியவர், அரணுக்குள்ளே இருப்போர் யாவர் என்று எழுதாது சென்றார்.

விளைவு யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தமிழர் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவரைத் தெரிந்தனுப்பினர். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியிற் கே. இராஜலிங்கமும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருட் சேர்ந்தோர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவரும், தம் தந்தை இங்கே பிறந்தார் என்பதை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்பதை நிலைநாட்டவேண்டியதாயிற்று. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களிலே பூட்டனாரின் பிறப்புக்குச் சான்று யாது? 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் பிரசையல்லாதாரின் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய காங்கிரஸ் ஓர் இடமும் பெறவில்லை. வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. தன் குடிகள் யாவர் என்பதைத் தீர்மானித்தல் ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரமே என்றும், ஆதலின் 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்றும் 1953இலே அக்கழகம் முடிவு கூறிற்று. அரண் நின்றது; ஆனால் அது காக்கவேண்டிய மக்கள் அதற்கு வெளியே நின்றனர்.

‘சட்டங்களை இயற்றியது பாராளுமன்றம்; அதன் பழியை ஓர் ஆலோசகர் தலையிற் சுமத்தலாமா?’ என்று வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. பழி பாராளுமன்றத்துக்கே உரியது. ஆயினும் ஒப்பியலறிஞரிடம் நாம் கேட்கத்தக்கது வேறொன்று. ஒப்பிடுவோர் எதனை எதனோடு ஒப்பிட்டார்? வெஸ்ட்மினிஸ்டர் முறையின் வழக்காறுகள், குடி யாவர் என்பது நெடுங்காலத்துக்கு முன்னரே முடிவாகிவிட்ட ஒரு நாட்டிலே விளைந்தவை. அவ்வினா இன்னும் முடியாத நாட்டுக்கு அவற்றைக் கொணரும்போது, முடியாத வினாவையே முதலில் எழுப்பியிருத்தல் வேண்டும்.

அயல்நாடாகிய இந்தியா அவ்வாறே செய்தது. 1950ஆம் ஆண்டு இந்திய யாப்பின் இரண்டாம் பகுதி குடியுரிமை பற்றியது. மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகள் பற்றியது. 1952இலே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றி, அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகளில், அவ்யாப்பு மிக நீண்டது, இறுக்கமானது என்று ஜெனிங்ஸ் குறைகூறினார். காலம் யாது கூறிற்று? சுருங்கிய நமது யாப்பு 1972 மே 22ஆம் நாளோடு முடிந்தது. கால் நூற்றாண்டும் நிற்கவில்லை. நீண்ட இந்திய யாப்போ நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களோடு இன்றும் நிற்கின்றது. 1975இல் அறிவிக்கப்பட்ட அவசரநிலையின்போது அங்கும் உரிமைகள் ஒடுக்கப்பட்டன என்பதை மறத்தலாகாது. எனினும் மீண்டும் நிமிர்வதற்கு அங்கே எழுத்திலொரு பிடி இருந்தது.

ஜெனிங்ஸின் பெருமை யாதெனில், அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1956–57இல் மலாயாவுக்கு யாப்பு வரைந்த ரீட் ஆணைக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1957ஆம் ஆண்டு மலாயா யாப்பிலே அடிப்படைச் சுதந்திரங்களுக்கு ஒரு பகுதியும், குடியுரிமைக்கு ஒரு பகுதியும் இடம்பெற்றன. இலங்கைக்கும் அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் ஒன்று இருந்திருப்பின் நன்றாயிருக்கும் என்னும் கருத்துக்கு அவரே பிற்காலத்தில் வந்தார். தன் தீர்ப்பைத் தானே திருத்தும் துணிவு அறிஞர் பலர்க்கு வாய்ப்பதில்லை. ஆனால் அவர் திருந்திய காலத்தில் நமது யாப்பின் காரியம் கைமீறிப் போயிற்று.

பேராதனையிலே அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன். 1952 முதல் 1972 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர், யாப்பின் வாசகத்தோடு நில்லாது, கட்சிகளையும் தேர்தல்களையும் இனங்களின் அச்சங்களையும் ஆராய்ந்தார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி அவர் எழுதிய நூல் இத்துறைக்கு ஒரு வழிகாட்டி. அவரும் பின்னாளில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு ஆலோசகரானார், 1978ஆம் ஆண்டு யாப்பைப் பிரான்சிய முறையோடு ஒப்பிட்டு நூலெழுதினார், 1983இன் பின் நம்பிக்கை இழந்து, 1988இலே இலங்கையின் பிளவு பற்றி எழுதினார். ஆலோசகராகும் அறிஞர் வாசகத்தை வகுக்கலாம். வாசகத்தை ஆள்வோரின் மனத்தை வகுக்க இயலாது என்பதற்கு இருவர் வாழ்வும் சான்று.

இம்மதிப்பீட்டின் முடிபு இதுவே. பல்கலைக்கழகத்தை நடத்திய ஜெனிங்ஸ், யார் உள்ளே வருவார் என்னும் வினாவை ஆண்டுதோறும் அனுமதிப் பட்டியலோடு எதிர்கொண்டார். வந்தோர் அனைவர்க்கும் ஒரே கூரையும் ஒரே மேசையும் அளித்தார். யாப்புக்குத் துணைநின்ற ஜெனிங்ஸ் அதே வினாவைப் பிறர்க்கு விட்டார். நிருவாகி அறிந்திருந்ததை அறிஞர் நினைவு கூர்ந்திருப்பின் நாட்டுக்கு நலம் விளைந்திருக்கும்.

பறிபோன பிரசாவுரிமை முற்றிலும் திரும்புவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. இதற்கிடையே 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பொருள்களைப்போற் பங்கிட்டது. என்னிடம் அரசறிவியல் கற்கும் மாணவருள் அப்பங்கீட்டாற் பிரிந்த குடும்பத்தாரும் உளர். 29ஆம் பிரிவை விளக்கும்போது, ‘ஐயா, அது இருந்தும் எங்கள் பாட்டனாருக்கு ஏன் வாக்கு இல்லாமற் போயிற்று?’ என்று ஒரு மாணவி வினவினாள். இக்கட்டுரை அவ்வினாவுக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையாகும். அவளைப் போன்றோர் இன்று பேராதனையின் வாயிலுட் புகுந்து, குறிஞ்சிக் குமரனை வணங்கி, ஜெனிங்ஸின் நூல்களை அவர் தேடித் தந்த நூலகத்திலேயே இருந்து கற்கின்றனர். அவற்றை நன்றியோடு கற்பார்களாக. கற்றபின், அவற்றில் எழுதப்படாத பக்கத்தைத் தாமே எழுதுவார்களாக.