மூன்று அரங்குகளின் பெயர்கள்: லண்டன் நேஷனல் தியேட்டரின் நிதியும் நிர்வாகமும்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள நேஷனல் தியேட்டருக்குள் மூன்று அரங்குகள் இருக்கின்றன. பெரியதற்கு நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் பெயர். நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். அடுத்ததற்கு ஆலிவர் லிட்டில்டனின் பெயர். சாண்டோஸ் பிரபு என்று பட்டம் பெற்ற அரசியல்வாதி, நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். சிறியது முதலில் காட்டெஸ்லோ அரங்காக இருந்தது. அந்நியச் செலாவணித் தொழிலில் பொருளீட்டிய லாயிட் டார்ஃப்மன் 1 கோடிப் பவுண்டு கொடுத்தார். 2014 முதல் அது டார்ஃப்மன் அரங்கு. கலைஞர், நிர்வாகி, கொடையாளர் என்று மூன்று தரப்பும் இப்படிச் சுவரில் பெயர் பொறித்துக்கொண்டுவிட்டன. ஆண்டுதோறும் மானியம் தரும் வரி செலுத்துவோர் நான்காவது தரப்பு. அவர்கள் பெயரில் அரங்கு ஏதும் இல்லை. நிறுவனத்தின் பெயரில் இருக்கும் 'தேசிய' என்ற சொல்தான் அவர்களுடைய பங்கு.

அந்தச் சொல்லுக்கு விலை வைத்தது 1949ஆம் ஆண்டின் நேஷனல் தியேட்டர் சட்டம். அரசு கருவூலம் 10 லட்சம் பவுண்டு வரை கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. 1951இல் அடிக்கல் நட்டார்கள். பிறகு பணமும் வரவில்லை, இடமும் முடிவாகவில்லை. கல்லைத்தான் இடம் மாற்ற வேண்டியிருந்தது. 1963 அக்டோபர் 22 அன்று, ஓல்ட் விக் என்ற பழைய கொட்டகையைக் கடன் வாங்கி, பீட்டர் ஓ'டூல் நடித்த 'ஹாம்லெட்'டுடன் நிறுவனம் தொடங்கியது. டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்த சொந்தக் கட்டடம் 1976இல்தான் திறந்தது. கல் நட்டுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து நாடகம் வந்தது, இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கட்டடம் வந்தது. வருமானத்துக்கு முன்பே செலவு உறுதியாகிவிடும் இந்தத் தொழிலில் இப்படி முன்பின்னாக நடப்பது வழக்கம்தான்.

சட்டத்தின் கண்ணில் நேஷனல் தியேட்டர் ஒரே நேரத்தில் இரண்டு பிறவி. ஒன்று, பங்கு மூலதனம் இல்லாத, உறுப்பினர்களின் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனி. மற்றொன்று, பதிவு பெற்ற அறநிறுவனம். பங்குதாரர் கிடையாது, லாபம் வந்தாலும் பிரித்துக்கொள்ள முடியாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் கம்பெனிச் சட்டப்படி இயக்குநர்கள், அறக்கொடைச் சட்டப்படி அறங்காவலர்கள். அறங்காவலர் பணிக்கு ஊதியம் இல்லை என்பது ஆங்கில அறக்கொடைச் சட்டத்தின் பொது விதி. சம்பளம் வாங்குவோர் நாடகத்தை நடத்துகிறார்கள். சம்பளம் வாங்காதவர்கள் அதற்குப் பொறுப்பேற்கிறார்கள். நிறுவனம் திவாலாகும் நிலை வந்தால் கேள்வி கேட்கப்படுவது நாடகம் போட்டவரை அல்ல, ஒப்புதல் கொடுத்தவரை. ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் அறக்கொடை ஆணையத்தில் கொடுத்தாக வேண்டும். 60,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியர் எத்தனை பேர் என்று அடுக்கு வாரியாகக் காட்டவும் வேண்டும். யாரும் எடுத்துப் படிக்கலாம்.

பொறுப்பு குழுவுடையது என்றால் நாடகத் தேர்விலும் அது தலையிடலாமா? இந்தக் கேள்வி 1967இலேயே வெடித்தது. ஜெர்மன் நாடகாசிரியர் ரோல்ஃப் ஹோக்ஹூத் எழுதிய 'சோல்ஜர்ஸ்' நாடகத்தை மேடையேற்ற இலக்கிய மேலாளர் கென்னத் டைனன் விரும்பினார். போலந்துத் தலைவர் சிகோர்ஸ்கி 1943இல் விமான விபத்தில் இறந்ததில் சர்ச்சிலுக்குப் பங்கு உண்டு என்று அந்த நாடகம் சொன்னது. குழுவின் தலைவர் சாண்டோஸோ சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவையில் இருந்தவர். குழு நாடகத்தை நிராகரித்தது. நாடகத் தணிக்கை 1968இல் ஒழிந்த பின் வெளியார் தயாரிப்பாக அது லண்டனின் வணிக நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டில் மேடையேறியது. சிகோர்ஸ்கியின் விமானத்தை ஓட்டிய விமானி அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கின் ஆபத்தைக் காட்டி மறுத்திருந்தால் அறங்காவலர்களின் செயலில் குறை சொல்ல இடமிருந்திருக்காது. தலைவரின் பழைய நட்பு அந்த முடிவின் மேல் நிழலாகப் படிந்துவிட்டதால், அது இன்றும் தலையீட்டுக்கு உதாரணமாகவே பேசப்படுகிறது. இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதும் தேவைப்பட்டால் நீக்குவதும் குழுவின் வேலை, நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது இயக்குநரின் வேலை என்ற எழுதாத எல்லை இப்படிப்பட்ட சண்டைகளில் கீறப்பட்டதுதான்.

மானியம் கொடுப்பவரும் அந்த எல்லையைத் தாண்டிப் பார்த்ததுண்டு. 1980இல் ஹோவர்ட் பிரென்டனின் 'த ரோமன்ஸ் இன் பிரிட்டன்' நாடகத்தில் வந்த பாலியல் வன்முறைக் காட்சி பெரும் சர்ச்சையானது. கிரேட்டர் லண்டன் கவுன்சிலின் தலைவர் ஹோரஸ் கட்லர் பாதியில் எழுந்து போனார். கவுன்சிலின் மானியத்தைப் பற்றி மிரட்டலும் வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, வேறு கட்சியின் ஆட்சியில் இருந்த அதே கவுன்சில்தான் நிறுவனத்தைக் கைதூக்கியும் விட்டது. 1985இல் பணம் போதவில்லை என்று இயக்குநர் பீட்டர் ஹால் காட்டெஸ்லோ அரங்கை மூடியபோது, திறக்கப் பணம் தந்தது அதுதான். மறு ஆண்டு கவுன்சிலே கலைக்கப்பட்டுவிட்டது.

மானியத்தின் முதன்மை வழி ஆர்ட்ஸ் கவுன்சில். 1946இல் அரச சாசனம் பெற்ற இந்த அமைப்பின் கருத்தைத் தந்தவர்களில் பொருளியலாளர் கெய்ன்ஸ் முக்கியமானவர். அரசு கவுன்சிலுக்குக் கொடுக்கும், கவுன்சில் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், அமைச்சர் கை நீட்டாத தூரத்தில் நிற்பார் என்பது ஏற்பாடு. 2022இல் அந்தத் தூரம் சுருங்கியது. லண்டனுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை வெளியூர்களுக்குத் திருப்ப வேண்டும் என்று கலாச்சார அமைச்சகம் அறிவுறுத்தியது. நவம்பரில் வந்த பட்டியலில் இங்கிலிஷ் நேஷனல் ஆபரா தன் 1 கோடியே 26 லட்சம் பவுண்டு ஆண்டு மானியத்தை இழந்தது. டான்மர் வேர்ஹவுஸ், ஹாம்ப்ஸ்டெட் தியேட்டர் ஆகியவற்றின் மானியமும் நின்றது. நேஷனல் தியேட்டருக்கு வெட்டு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆண்டுக்கு 1 கோடியே 61 லட்சம் பவுண்டு என்று ஆயிற்று. பெரியது என்பதால் தப்பியது. சிறியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நிறுவனத்தின் மொத்த வரவு 10 கோடிப் பவுண்டைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அந்த அளவில் பார்த்தால் மானியம் ஆறில் ஒரு பங்குகூட வராது. மீதியைக் கொண்டுவருபவை நுழைவுச்சீட்டு வசூல், வெளி அரங்குத் தயாரிப்புகள், திரையரங்க ஒளிபரப்பு, உணவகம், கொடை. அப்படியானால் மானியம் எதற்கு? விடை கணக்குப் புத்தகத்தில் தெரியாது, 'வார் ஹார்ஸ்' நாடகத்தின் வரலாற்றில் தெரியும். மைக்கேல் மார்பர்கோவின் சிறுவர் நாவலை, தென்னாப்பிரிக்காவின் ஹாண்ட்ஸ்பிரிங் குழு செய்த ஆளுயரக் குதிரைப் பொம்மைகளை வைத்து நாடகமாக்க முடியுமா என்று நிறுவனத்தின் ஸ்டூடியோவில் நெடுநாள் சோதித்துப் பார்த்தார்கள். வசூல் வருமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. லாபத்துக்குப் பணம் போடும் தயாரிப்பாளர் இவ்வளவு காலம் காத்திருக்கவும் மாட்டார். 2007இல் ஒலிவியர் அரங்கில் தொடங்கியது, 2009 முதல் 2016 வரை வெஸ்ட் எண்டில் ஓடியது. 2011இல் பிராட்வேயில் ஐந்து டோனி விருதுகள் பெற்றது. மானியம் வாங்கித் தந்தது, தோற்றுப் பார்க்கும் உரிமையை. அந்த உரிமை இல்லாமல் இந்த வெற்றி இல்லை.

வெற்றியின் பணம் யாருக்குப் போகிறது என்பதிலும் நிறுவனம் பாடம் கற்றிருந்தது. 1979இல் இங்கே பிறந்த பீட்டர் ஷாஃபரின் 'அமெடியஸ்' பிராட்வேக்குப் போனபோது லாபத்தின் பெரும்பகுதி அங்கிருந்த வணிகத் தயாரிப்பாளர்களுக்குப் போனது. மானியத்தில் உருவான நாடகங்களால் தனிநபர்கள் சம்பாதிப்பது குறித்து 1986இல் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. 'வார் ஹார்ஸ்' வெஸ்ட் எண்டுக்கு மாறியபோது நிறுவனமே தயாரிப்பாளராக இருந்தது. இத்தகைய வணிகத்துக்கு அறநிறுவனங்கள் துணைக் கம்பெனி வைத்துக்கொள்வது வழக்கம். நட்டம் வந்தால் அந்தக் கம்பெனியோடு நிற்கும். லாபம் வந்தால் முழுவதையும் தாய் நிறுவனத்துக்குக் கொடையாக எழுதிவிடலாம், வரியும் மிஞ்சும். 2014 முதல் நாடகத் தயாரிப்புச் செலவுக்கு அரசு தரும் வரிச்சலுகையும் சேர்ந்துகொண்டது. ஆரவாரமில்லாத இன்னொரு மானியம் அது.

கொடைப் பணம் இப்படிப் புழங்கும் பணம் அல்ல. கட்டடத்துக்கு என்று கொடுத்ததைக் கட்டடத்துக்குத்தான் செலவிட வேண்டும். வாயிற்காவலரின் சம்பளத்துக்கு எடுத்தால் அறநம்பிக்கை மீறல். ஐந்தொகையில் கோடிகள் நிற்கும். கையில் எடுத்துச் செலவிடக் கிடைப்பது சில வாரச் செலவுக்குக்கூடக் காணாது. இது பல பெரிய நாடக அறநிறுவனங்களுக்கு உள்ள நிலை. நாய் விற்ற காசு குரைக்காது என்பது நம் பழமொழி. கலைக்கொடையில் அது குரைக்கிறது. எண்ணெய்க் கம்பெனியான ஷெல்லின் ஆதரவை வாங்குவது எதிர்ப்புக்கு உள்ளாகி, 2019இல் அந்த உறவை முடித்துக்கொள்வதாக நேஷனல் தியேட்டர் அறிவித்தது. மறுபக்கம், டார்ஃப்மனின் டிராவலெக்ஸ் கம்பெனியின் ஆதரவால்தான் 2003இல் இயக்குநர் நிக்கலஸ் ஹைட்னர் 10 பவுண்டு நுழைவுச்சீட்டைக் கொண்டுவர முடிந்தது. பெயர்ப்பலகையைத் தாண்டிப் பார்வையாளரின் பைக்கே நேராகப் போய்ச் சேர்ந்த கொடை அது.

தலைமையை எப்படிப் பிரிப்பது என்பதில் குழு ஒருமுறை தடுமாறியது. 2014இல் திரைப்படத் துறையிலிருந்து டெஸ்ஸா ராஸைத் தலைமை நிர்வாகியாக அழைத்து வந்தார்கள். ஆறே மாதத்தில், இந்த அமைப்புமுறை சரிவரவில்லை என்று அவர் விலகினார். இயக்குநருக்கு மேலேயா பக்கத்திலேயா என்று தெளிவில்லாத நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதுவே நடந்திருக்கும். அதன் பின் கலை இயக்குநரும் நிர்வாக இயக்குநரும் சம நிலையில் தலைமையைப் பகிர்ந்துகொள்ளும் முறை நிலைத்தது.

சொந்தக் காலில் நில் என்று பல அரசுகள் சொல்லி வந்த அறிவுரையின் மறுபக்கம் 2020 மார்ச் 16 அன்று தெரிந்தது. பெருந்தொற்றில் அரங்குகள் மூடின. வசூலை நம்பிய நிறுவனங்களுக்குத்தான் அடி அதிகம். ஆகஸ்டுக்குள் சுமார் 400 தற்காலிக ஊழியர்களுக்கு வேலை போனது. ஏப்ரல் முதல் இணையத்தில் இலவசமாகக் காட்டிய நாடகப் பதிவுகளை ஒன்றரைக் கோடி முறை பார்த்தார்கள். அதில் வருமானம் இல்லை. டிசம்பரில் அரசின் மீட்பு நிதியிலிருந்து 1 கோடியே 97 லட்சம் பவுண்டு வந்தது. அது கொடை அல்ல, கடன்.

மிச்சமிருப்பது கட்டடம் என்ற யானை. 1994இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதால் மனம்போலப் பழுதுபார்க்கவும் முடியாது. 8 கோடிப் பவுண்டு அளவிலான சீரமைப்பு நடந்து பத்தாண்டுக்குள், மேடை இயந்திரங்களையும் உட்கட்டமைப்பையும் புதுப்பிக்க 2024 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் 2 கோடியே 64 லட்சம் பவுண்டு ஒதுக்க வேண்டி வந்தது. ஓராண்டு மானியத்தைவிட ஒரு கோடி அதிகம். நாடகத்துக்குக் கொடுக்கத் தயங்கும் அரசு, கான்கிரீட்டுக்கு எளிதாகக் கொடுக்கிறது.

2025இல் கலை இயக்குநர் பொறுப்பு இந்து ரூபசிங்கத்திடம் வந்தது. ஷெஃபீல்டில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நிர்வாக இயக்குநர் கேட் வாராவுடன் தலைமையைப் பகிர்ந்துகொள்கிறார். 1,100 இருக்கைகளுக்கு மேல் உள்ள ஒலிவியர் அரங்கில் ரூபசிங்கம் செப்டம்பரில் மேடையேற்றிய முதல் தயாரிப்பு 'பாக்கே'. எழுதியவர் நீமா தலேகானி. அது அவருடைய முதல் நாடகம்.