நாகம்மாளைத் திருத்தலாமா?

செயற்கை நுண்ணறிவு எழுத்துக் கருவிகள் வந்தபின் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்கிறார்கள். அவிநாசியிலிருந்து பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி, வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் போட்டாக வேண்டும். சரக்கு எப்போது கப்பலேறும், சாயம் ஏன் மாறிப்போனது என்று பிழையில்லாமல் சொன்னால் போதும். மெட்ரிக் பள்ளிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த வசதி இப்போது இவருக்கும் கிடைக்கிறது. தாலுகா ஆபீசுக்கு எழுதும் மனுவும் அப்படித்தான். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மேல் போனால் கணக்கு உதைக்கிறது. இந்தியரும் அமெரிக்கருமாக 118 பேரை ஆங்கிலத்தில் எழுதவைத்து கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிடித்த பண்டிகையைப் பற்றி எழுத உட்கார்ந்த இந்தியருக்குக் கருவி எடுத்துக்கொடுத்தது கிறிஸ்துமஸ், உணவுக்கு பீட்சா. அதன் யோசனைகளில் இந்தியர்கள் 25 சதவீதத்தை வைத்துக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் 19 சதவீதம். வந்ததைத் திருத்திச் சரிசெய்யும் வேலையும் இந்தியர்களுக்கே அதிகம். கடைசியில் அவர்கள் எழுதியது அமெரிக்க நடைப் பக்கம் சாய்ந்திருந்தது.

தமிழுக்குள்ளும் இதே சாய்வு உண்டு. “மாரியாத்தா நோம்பிக்கு வந்த ஒறம்பரையெல்லாம் பொழுதோட கெளம்பிட்டாங்க” என்று பக்கத்துச் சேவூர்ப் பிள்ளை ஒன்று எங்கள் கொங்குப் பேச்சில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நல்ல தமிழில் மாற்று’ என்றால் வரக்கூடியது, “மாரியம்மன் திருவிழாவிற்கு வருகை தந்த உறவினர்கள் மாலையில் புறப்பட்டுச் சென்றனர்.” இலக்கணம் சரி, செய்தியும் சரி. சொல்கிற ஆளைத்தான் காணோம். அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து வந்த பேச்சு, எங்கிருந்தோ வந்த அறிக்கை ஆகிவிட்டது.

சிவப்பு மையால் வாத்தியார்களும் பத்திரிகை ஆசிரியர்களும் இதை முன்பே செய்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களோடு சண்டை போட முடிந்தது; ஒருவர் அடித்த வரியை இன்னொருவர் அச்சேற்றினார். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942இல் கொங்குப் பேச்சோடு வெளிவந்தது. நிலத்தில் பங்கு கேட்டு நிற்கும் அந்தக் கைம்பெண்ணின் பிடிவாதம் முழுக்க அவள் பேச்சில் இருக்கிறது. பேச்சை மெருகேற்றினால் கதை மிஞ்சும், நாகம்மாள் மிஞ்சமாட்டாள். எழுத்தாளர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்ததும் இந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கையில்தானே? இன்று ஒரே கருவி கோடிக்கணக்கானவர்களை ஒரே பக்கம் திருத்துகிறது. அந்த அளவுதான் என்னை அஞ்சவைக்கிறது.

அப்படியானால் கருவியைப் பயன்படுத்தியவரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாமா? அது இன்னும் பெரிய அநியாயம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. அது 2023இல். அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட மென்பொருளை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லக் கூடாது.

என் முடிவு இது. மனுவுக்கும் மெயிலுக்கும் விண்ணப்பத்துக்கும் தயங்காமல் பயன்படுத்துங்கள். கதை, கட்டுரை, பள்ளி இலக்கிய மன்றப் போட்டி ஆகியவற்றில் ஒற்றுப்பிழை பார்ப்பதோடு கருவியை நிறுத்திவிடுங்கள். வாக்கியம் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். ‘நோம்பி’ என்று எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.