சாம்பலூரில் யார் வேலைக்குப் போகிறார்கள்?

புஷ்கரும் காயத்ரியும் சிருஷ்டித்த 'சுழல்' என்னும் தொடர் 2022 ஜூன் 17-ஆம் தேதி அமேசான் பிரைமில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உலகெங்கும் வெளியானது முதல், அதன் இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி 28-இல் வந்து ஆரவாரம் அடங்கிய பின்னும், அதைப் பற்றிப் பேசுகிற ரசிகர்களில் பலர் ஒரே விதமான புகழுரையைத் தவறாமல் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் மனிதர்களை மண்வாசனை குன்றாமல் அது திரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாம். விறுவிறுப்பைப் புகழட்டும், நடிப்பைப் புகழட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. சிற்றூரையும் அதன் மனிதர்களையும் சொல்லிப் புகழ ஆரம்பிக்கும்போதுதான், சிற்றூர் என்றும் சொல்ல முடியாமல் நகரம் என்றும் சொல்ல முடியாமல் வேலூருக்குத் தெற்கே கிடக்கிற பாகாயத்தில் குடியிருக்கும் என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

தொடரின் குணங்களைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அதிக நேரம் ஆகாது. ஆயிரம் பகுதிகளைக் கடந்தும் ஒரு கல்யாணத்தை முடிக்க மாட்டாத நம்முடைய மாலை நேரத் தொடர்களுக்கு நடுவே, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டே பகுதிகளில் முதல் பாகம் கச்சிதமாக முடிகிறது. பார்த்திபன், கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், ஸ்ரேயா ரெட்டி ஆகியோர் தங்கள் பங்கைக் குறைவின்றிச் செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கதையின் அடித்தளமாக வைத்தும், அதைக் கேளிக்கைப் பொருளாக்காமல் கூச்சத்தோடு கையாண்டிருப்பது பாராட்டுக்குரியது.

இனி விஷயத்துக்கு வருவோம். சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் ஒரு சிமெண்டுத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் முதலாளிக்கும், பார்த்திபன் ஏற்று நடித்த சண்முகம் என்ற தொழிற்சங்கத் தலைவருக்கும் இடையே தகராறு முற்றுகிறது. மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் அதே இரவில் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். ஊரின் ஜீவாதாரமான ஆலையைக் கதாசிரியர்கள் முதல் பகுதியிலேயே கொளுத்திவிட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆலை நின்றிருந்தால் யார் எந்த இயந்திரத்தில் நிற்கிறார், யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி, யார் நிரந்தரம், யார் காண்டிராக்ட், சங்கத்தில் சந்தா கட்டாதவர் யார் என்பனவற்றையெல்லாம் காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டிருக்கும். எரிந்துபோன ஆலைக்கு அந்தக் கணக்குகள் ஒன்றும் வேண்டியதில்லை. சரி, எரிந்த பிறகாவது, கூலி நின்றுபோன நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஒன்றன் அடுப்படியைக் காமிரா எட்டிப் பார்த்ததா என்றால், பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கோஷம் போடவும், கூட்டமாக நிற்கவும், சந்தேகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் தொழிலாளர்கள் தருவிக்கப்படுகிறார்கள். அந்தக் காரியம் முடிந்ததும் அனுப்பிவிடப்படுகிறார்கள்.

ஒரு சிறு சமூகத்தில் மனிதன் எதனால் மனிதனாக அறியப்படுகிறான்? எங்கள் ஊரில் ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தும்போது, "காலேஜ் லேபில் இருக்காரு", "சாட் ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி", "பொண்ணு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போவுது" என்றுதான் பேச்சே ஆரம்பமாகும். குணதோஷங்கள் பின்னால் வரும். அவையும் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்தே கிளைத்து வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டியும் அதற்கு அப்பாலும் நீண்டுகிடக்கும் இந்தத் தோல் பிரதேசத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக நின்றவரின் விரல்களைப் பார்த்தாலே அவர் தோல்ஷாப்பில் எந்தப் பகுதியில் வேலை செய்தவர் என்பதைச் சொல்லிவிடுகிற ஜனங்கள் உண்டு.

ஆம்பூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றின் திண்ணையைப் பாருங்கள். காலையில் ஏஜெண்ட் தன் வண்டியில் வந்து, ஷூவின் மேல்பாகங்களைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போகிறார். இங்கே அதை 'அப்பர்' என்பார்கள். நான்கு பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தடித்த ஊசியால் ஜோடி ஜோடியாகத் தைக்கிறார்கள்; மாலையில் அவர் திரும்பி வந்து எண்ணிக்கொள்கிறார். "இன்னாண்ணா, நேத்து கணக்குல ரெண்டு ஜோடி கொறையுது?" என்று ஒருத்தி கேட்கிறாள். "தையல் லூசா இருக்குதுன்னு கம்பெனில கழிச்சுட்டாங்கக்கா" என்கிறார் அவர். அந்த வார்த்தை மெய்யா என்பதை அவள் எந்தக் காலத்திலும் அறிய முடியாது. அந்தக் கம்பெனியின் வாசலை அவள் மிதித்தவளே அல்ல. மேலும் வற்புறுத்திக் கேட்டால் நாளைக்குக் கட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரி அவளுடைய நாத்தனாராகவும் இருக்கலாம். ஆகவே அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். அவள் பேசாமல் இருந்ததைப் பக்கத்தில் தைத்துக்கொண்டிருக்கும் மூவரும் மூன்று விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். பயம், கௌரவம், பொறாமை, உறவு, கடன் ஆகிய அத்தனையும் அந்த இரண்டு ஜோடிக்குள் அடங்கியிருக்கின்றன. நாடகாசிரியனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எந்தக் கொலையும் நடக்காமலே அந்தத் திண்ணையில் நான்கு பாத்திரங்கள் பிறந்துவிட்டார்கள்.

சாம்பலூரில் பாத்திரங்கள் பிறக்கும் விதம் வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியம் கொடுக்கப்படுகிறது. இவருக்குப் பழைய குற்றம், அவருக்கு மறைத்த உறவு, இன்னொருவருக்கு ஒளித்துவைத்த வஞ்சம் என்று ரகசியங்கள் பங்கிடப்பட்ட பின், பகுதிக்கு ஒருவராக நம்முடைய சந்தேகத்துக்கு ஆளாகி, ரகசியம் வெளிப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையாகி நகர்ந்துவிடுகிறார்கள். ரகசியம் போனதும் அந்த ஆளும் போய்விடுகிறார்; மறுநாள் அவர் எந்தக் கடையில் டீ குடிப்பார் என்று யோசிக்க நமக்கு ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை. சண்முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாத்திகர், சங்கத் தலைவர், பக்தியில் ஆழ்ந்துவிட்ட மனைவியைப் பிரிந்தவர் என்று எவ்வளவு வளமான பாத்திரம்! ஆனால் அவருடைய நாத்திகம் மனைவியின் பக்திக்கு எதிர்த்தட்டில் வைக்கப்படுகிற எடைக்கல்லாகவே பயன்படுகிறதன்றி, அம்மன் தேருக்கு வசூல் கேட்டுத் தம் சங்கத்து ஆட்களே வாசலில் வந்து நிற்கும்போது ஒரு பகுத்தறிவுத் தலைவர் படுகிற தர்மசங்கடத்தில் அது ஒருமுறையேனும் சோதிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட தலைவர்களை நான் அறிவேன். பெரும்பாலோர் ரசீதைக் கிழித்துப்போட மாட்டார்கள், மனைவி பெயரில் எழுதச் சொல்வார்கள்.

தேர் என்றதும் திருவிழாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மயானக் கொள்ளை எங்களுக்குப் பரிச்சயமானது. சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையில், மேல்மலையனூர் அங்காளம்மனை நினைத்து வட மாவட்டங்கள் முழுவதும் நடப்பது. வேலூரில் பல பகுதிகளிலிருந்தும் தேர்கள் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்து சேரும். காளி வேஷம் கட்டியவர்கள் ஆவேசத்தோடு ஆடிவர, தானியமும் காய்கறியும் சூறைவிடப்பட்டு, ஜனங்கள் முண்டியடித்து எடுப்பார்கள். இதை அப்படியே பெயர்த்தெடுத்துப் பனி மூடிய ஒரு மலையூரில் வைத்ததற்காக நான் வழக்காட வரவில்லை. கற்பனையூருக்குக் கற்பனைச் சம்பிரதாயம் இருந்துவிட்டுப் போகட்டும். வேஷம் கட்டுகிறவர் யார் என்பதே என் கேள்வி. எங்கள் பக்கத்தில் அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தோல்ஷாப்பில் டிரம்மில் நிற்கிறவர். மகளின் காய்ச்சல் தெளிந்ததற்கோ கேஸ் ஜெயித்ததற்கோ வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுகிறார். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அவருக்குக் கூலி கிடையாது. தொடரில் வேஷத்துக்கு மட்டுமே முகம் இருக்கிறது. வர்ணமும் தீவட்டியும் உடுக்கையும் பயங்கரமான அழகோடு வந்து போகின்றன. முப்பது மொழி ரசிகர்களுக்கு அது விருந்தாகவும் இருக்கலாம். வர்ணத்தைக் கழுவிய பிறகு அந்த மனிதர் எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்பது அங்கே யாருக்கும் அவசியமில்லாத விசாரம்.

என் வாதத்துக்கு அந்தத் தொடரே சாட்சி சொல்லுகிறது. அதில் உயிரோடு நடமாடுகிறவர்கள் என்று யாரைச் சொல்லலாம்? சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும்தான். ஏன்? அவர்கள் இருவர் மட்டுமே வேலை செய்கிறார்கள். சக்கரை விசாரிக்கிறான், அலைகிறான், மேலதிகாரியிடம் பேச்சு வாங்குகிறான்; ரெஜினாவின் மகனே வழக்கோடு பிணைந்துவிடும்போது, தாயின் நெஞ்சும் காக்கிச் சட்டையும் அவளைப் பங்கிட்டுக்கொள்வதை நாம் பிரத்தியட்சமாகப் பார்க்கிறோம். உத்தியோகம் அவளை நெருக்குவதால்தான் அவள் பாத்திரமாகிறாள். இந்த உண்மையைக் கதாசிரியர்கள் கையில் வைத்துக்கொண்டே, அதைப் போலீஸ் நிலையத்துக்கு வெளியே கொண்டுபோக மறந்துவிட்டார்கள். அவர்கள் மட்டும் என்ன? அதே 2022-இல் பிப்ரவரியில் வந்த 'விலங்கு', டிசம்பரில் வந்த 'வதந்தி' ஆகிய இரண்டு தொடர்களுக்கும் நடுநாயகம் போலீஸ்காரரே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காக்கிச் சட்டைக்காரரைத் தவிர வேறெவரும் ஜீவனோபாயத்துக்கு எதையும் செய்வதில்லை என்று பிற தேசத்து ரசிகர் ஒருவர் முடிவுகட்டினால், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாம் பாகத்தில் நோய் முற்றியிருக்கிறது. காளிப்பட்டினம் என்ற கடலோர ஊர்; அஷ்டகாளித் திருவிழா; செல்லப்பா என்னும் வக்கீலின் கொலை; தாமே கொன்றதாகச் சொல்லிக்கொண்டு வரும் எட்டுப் பெண்கள். காளிகள் எட்டு, பெண்கள் எட்டு! பொருத்தம் பார்க்க ரம்மியமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெய்வங்களின் எண்ணிக்கைக்கு ஈடாக மனிதர்களை வார்க்க ஆரம்பித்துவிட்டால், அவர்களுக்குள் ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரித்தறிய முகமும் பெயரும் தவிர வேறென்ன மிஞ்சும்? கடலோர ஊர் என்கிறார்கள். மீன் ஏலம் விடுகிற குரலோ, படகுக் கடனோ, வலை பின்னும் கையோ அந்தப் பெண்களின் சுபாவத்தில் எந்த வடுவையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது: வேலை என்பது சலிப்பூட்டும் விஷயம், அதைத் திரையில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது. பார்த்தவர்கள் உண்டு. கென்யாவில் மகுடானோ என்னும் கற்பனைச் சிற்றூரை வைத்து 'மகுடானோ ஜங்ஷன்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் பல ஆண்டுகள் நடந்தது. விவசாயம், சுகாதாரம் போன்றவற்றை ஜனங்களுக்குப் போதிக்கும் நோக்கத்தோடே அது தயாரிக்கப்பட்டது. போதனை நாடகத்துக்குப் பாரம்தான். நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் ஊர் என்றால் பிழைப்பு என்ற அடிப்படையை அந்தத் தேசத்தார் மறக்கவில்லை. ஜனங்களும் அதைப் பார்த்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2023-இல் வந்த 'அயலி' என்னும் தமிழ்த் தொடரில் வீரப்பண்ணைப் பெண் தமிழ்ச்செல்விக்கு ரகசியம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது தொண்ணூறுகளின் கிராமத்தில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போவதற்குக் கொடுக்க வேண்டிய விலையிலிருந்து பிறந்தது. எழுத்திலோ, டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளர்களைப் பற்றியே 'தோல்' என்று பெரியதொரு நாவல் எழுதி, 2012-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். தொழிற்சங்கத் தலைவரைச் சிருஷ்டிக்க விரும்புகிறவர்களுக்கு அது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது.

கடைசியாக, இது துப்பறியும் கதை, சமூக சாஸ்திரம் அல்ல என்பார்கள். ஆலை எரிந்ததைத் துப்பறிவதற்கே ஆலையைத் தெரிந்திருக்க வேண்டாமா? இரவு ஷிப்டில் இருந்தவர் யார், எந்த ரிஜிஸ்டரில் யார் கையெழுத்து, எந்தக் கதவின் சாவி யாரிடம் என்பவற்றிலிருந்துதானே துப்பு கிடைக்கும்? எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 விடியுமுன், தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றை நஞ்சாக்கிய வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்புச் சொல்லி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. தொட்டியில் அவ்வளவு கசடு சேர்ந்தது எப்படி, அதைத் தினந்தோறும் பார்த்தவர் யார், பார்த்துக் கையெழுத்திட்டவர் யார், அத்தனை பேர் வேலை செய்யும் இடத்திலேயே படுக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், கேள்விக்கு ஒருவராக மேஸ்திரியும் காண்டிராக்டரும் ஆபரேட்டரும் அதிகாரியும் முதலாளியும் எழுந்து வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் வீடும் கடனும் நியாயமும் இருக்கும். மர்மத்துக்கு இத்தனை சாமக்கிரியையை இந்தப் பிரதேசம் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, நம்முடைய கதாசிரியர்கள் எங்களிடமிருந்து எடுத்துப்போனது அங்காளம்மன் தேரை மட்டுந்தான்.