வேலைக்கு வந்த ஏணி வண்டி

நியூயார்க்கில் தீயணைப்பு வண்டி ஒரே வகையல்ல. பம்பு, குழாய், 500 கேலன் தண்ணீரோடு வருவது ‘எஞ்சின்’. ஏணியும் கதவை உடைக்கும் கருவிகளும் சுமந்து வருவது ‘லேடர்’. அதில் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. ஒன்றில்லாமல் மற்றது பாதி வண்டிதான்.

புதிதாக வாங்கிய வண்டியை இன்ன எண் குழுவுக்கு என்று ஒதுக்குவார்கள். எண் ஏறிவிட்டால் அது அந்தக் குழுவின் சொத்து மாதிரி. துடைப்பதிலேயே அந்த உரிமை தெரியும். பழையது உதிரி வண்டியாகி, பழுதுக்குப் போன வண்டிகளுக்குப் பதிலாக ஓடும்.

இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் எனக்குப் பிடித்தது புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில் உள்ள லேடர் 101க்குக் கிடைத்த வண்டி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஏழு பேரை இழந்த குழு அது. வண்டியை அனுப்பியது தென் கரோலினாவின் கொலம்பியா நகரம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல், அந்த ஊர் எரிந்தது. எதிர்த்தரப்பில் இருந்த நியூயார்க் தீயணைப்பாளர்கள் பணம் திரட்டி ஒரு குழாய் வண்டி அனுப்பினார்கள். கப்பலோடு அது மூழ்கிப்போக, சளைக்காமல் இன்னொன்று அனுப்பினார்கள்; 1867இல் அது போய்ச் சேர்ந்தது. நியூயார்க்குக்கு ஒரு கஷ்டம் வந்தால் திருப்பிச் செய்வோம் என்று கொலம்பியாவில் ஒருவர் அன்று வாக்குக் கொடுத்தார். 134 ஆண்டுகள் கழித்து, பள்ளிப் பிள்ளைகள் தொடங்கிய வசூல் அதை நிறைவேற்றியது.

அதே செப்டம்பர் 11 அன்று நசுங்கிப்போன லேடர் 3இன் வண்டி இன்று அந்நாளின் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலம்பியா தந்ததோ காட்சிக்காக வந்ததல்ல. மணி அடித்தால் கிளம்ப வேண்டிய வண்டியாக வந்தது.