பூட்டிய அறையும் பறிபோன பெயரும்

பேய்க்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் திண்டுக்கல் சமவெளியில் இல்லை. ஊர் எல்லைப் புளியமரத்தில் முனி, பாழுங்கிணற்றருகே அழும் பெண், நடுநிசியில் சலங்கை ஒலிக்க நடந்துவரும் கறுத்த உருவம் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. மாலையில் செபமாலைக்குத் தலைமை தாங்கும் பாட்டியே, இரவில் முனிக்கதை சொல்லிப் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். எனவே, பேய்ப்படம் பார்ப்பது தகுமா, தகாதா என்னும் பழைய வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அத்தகைய படமொன்றைப் பார்த்த நம் மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதற்கு அஞ்சாதிருந்தார்கள் என்பதையே சிறிது ஆராய விழைகிறோம்.

படம் ‘டிமான்டி காலனி’. அஜய் ஞானமுத்துவின் முதற் படமாக 2015 மே 22 அன்று வெளிவந்தது. அருள்நிதியும் வேறு மூவரும் நண்பர்களாக நடித்தனர். 2024 ஆகஸ்டு 15 அன்று இரண்டாம் பாகம் வந்தபோது, முதற் பாகம் வெளியான காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்த சிறுவர்கள்கூட அதனைத் தேடிப் பார்க்கலாயினர். நம் பங்கிலும் ஓர் அன்பிய இல்லத்தில் இருபது பேர் கூடிப் பார்த்தபோது நம்மையும் அழைத்தார்கள். சென்று அமர்ந்தோம்.

கதை மிகச் சுருக்கமானது. நண்பர் நால்வர் மழை கொட்டும் இரவொன்றில், பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் பாழடைந்த மாளிகைக்குள் விளையாட்டாகப் புகுகிறார்கள். அவர்களுள் ஒருவன் மற்றவர் அறியாமல் ஒரு நகையை எடுத்துவந்துவிடுகிறான். அதன்பின் அவர்கள் தங்கியிருக்கும் அறையே அவர்களுக்குப் பொறியாகிறது. கதவு திறப்பதில்லை, கூப்பிட்ட குரல் வெளியே கேட்பதில்லை. அவர்களது சாவை அவர்களுக்கு முன்னதாகவே தொலைக்காட்சிப் பெட்டி காட்டுகிறது.

கலை என்ற அளவில் இப்படத்தைப் பாராட்டாமல் இருக்க இயலாது. பெரும்பொருள் செலவிட இயலாத இயக்குநர், அந்த இயலாமையையே தம் பலமாக்கிக்கொண்டார். ஓர் அறை, நான்கு முகங்கள், மழை, மின்வெட்டு: இவை போதுமென்று துணிந்தார். குறைந்த செலவில் எடுத்த இந்தியப் பேய்ப்படங்கள் பலவும், 1984இல் ராம்சே சகோதரர்கள் இந்தியில் அளித்த ‘புரானா மந்திர்’ உட்பட, கோர உருவத்தைக் கண்முன் நிறுத்தியே மிரட்டின. இப்படமோ காட்டுவதைவிட மறைப்பதை நம்புகிறது. வீட்டுக் கூடத்தில் அன்றாடம் நாம் பார்க்கும் பெட்டியே எமனாகி நிற்பதைக் கண்டபோது, நமக்கும் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிட்டது உண்மை.

இனி, பார்த்தவர்களைப் பார்ப்போம். இளைஞர்கள் முதலில் சீட்டியடித்துச் சிரித்தார்கள். பின்னர் ஒருவரோடொருவர் நெருங்கி அமர்ந்தார்கள். தாய்மார்கள் முந்தானையால் கண்களை மூடி, விரலிடுக்கு வழியே பார்த்தபடி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்கள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம் அங்கியைப் பற்றிக்கொண்டு, “ஃபாதர், இது நிஜமா?” என்று கேட்டான். நாம் வாய் திறக்குமுன் வேறொருவன், “நிஜம்தான், மெட்ராஸ்ல அந்தத் தெருவே இருக்கு” என்று விடையளித்துவிட்டான்.

யாகப்பன்பட்டியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை அசையாமல் அமர்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் பூட்டுச் செய்தவர். நம் மாவட்டத்து மாங்காய்ப் பூட்டுகள் எத்தனையோ அவர் கையால் உருவானவை. கதவு திறவாத காட்சிகளைப் பற்றித்தான் ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு: “எடுத்த பொருள எடுத்தேன்னு அன்னைக்கே கூட்டாளிககிட்டச் சொல்லியிருந்தா, இம்புட்டுத் தூரம் வந்திருக்குமா சாமி?”

அந்த இருபது பேரில், நடந்தவற்றுக்கெல்லாம் ஒரு திருட்டே தொடக்கம் என்பதைக் கவனித்தவர் அவர் ஒருவரே. ஏனையோர் ஆவிக்கு அஞ்சினார்கள். நகைக்கு அஞ்சவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மூன்று குடும்பத்தினர் புனித நீர் கேட்டு வந்தார்கள். கொடுத்தோம், வீடுகளையும் மந்திரித்தோம். அஞ்சியவருக்கு ஆசி மறுப்பது மேய்ப்பனுக்கு அழகன்று. ஆனால் பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு என்று கேட்டு அந்த வாரத்தில் ஒருவரும் வரவில்லை. நம் ஊர்களில் அத்தகைய பொருள் இல்லாமலா போயிற்று? அண்ணன் தம்பிக்குள் ஓரடி நகர்த்தப்பட்ட வரப்பு உண்டு. தங்கையின் நகையை அடகு வைத்து, மீட்டபின்னும் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கும் அண்ணன் உண்டு. திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏழாம் கட்டளையை விளக்குமிடத்தில் சக்கேயுவை எடுத்துக்காட்டுகிறது. எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தவர் அவர். அவ்வாறு ஈடு செய்யாதவரை, எத்தனை முறை தீர்த்தம் தெளித்தாலும் அந்தப் பூட்டு திறவாது.

இரண்டாவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். “நிஜம்தான்” என்றானே அச்சிறுவன், அதில் பாதி உண்மை. சென்னை ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி என்னும் தெரு உண்டு. அதற்குப் பெயர் தந்த ஜான் டி மான்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வணிகர், கத்தோலிக்கர். கோவளம் கார்மேல் அன்னை ஆலயம் அவர் எழுப்பியது. தம் சொத்துகளை மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் அறப்பணிகளுக்கென எழுதி வைத்துவிட்டு இறந்தார். கோவளத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் அத்தெருவின் வீடுகள் ஆளின்றிப் பாழடைந்தபோது, அவர் மனைவி சித்தம் கலங்கியவர், மகன் மர்மமாய் இறந்தான், அவரே இன்னும் இரவில் உலவுகிறார் என்றெல்லாம் நகரத்து வாய்கள் கதை கட்டின. அவ்வாய்மொழியே திரைப்படத்திற்கு வித்தாயிற்று.

நம் கிராமத்துப் பேய்க்கதைகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அலைகின்ற ஆவி பெரும்பாலும் அநியாயமாய்க் கொல்லப்பட்டவருடையது. கிணற்றில் தள்ளப்பட்ட பெண்ணையும், சாதிச் செருக்கால் வெட்டுண்ட இளைஞனையும் மக்கள் மறக்க மறுத்தார்கள். அவர்களுக்குப் பீடம் எழுப்பி விளக்கேற்றினார்கள். நம் நம்பிக்கை அதனின்று வேறானது. ஆயினும் அக்கதைகளுக்குள் நீதியின் குரல் ஒன்று ஒலிப்பதை மறுக்க இயலாது. ‘டிமான்டி காலனி’யிலோ இறந்தவருக்கு ஆற்ற வேண்டிய கடன் எதுவும் இல்லை. அவர் வெறும் சினமாகவும் சாவாகவும் மட்டுமே எஞ்சுகிறார். கொடுத்துச் சென்ற மனிதர், நகையொன்றை விடமாட்டாத பேயாகிவிட்டார். மேலைநாட்டிலும் இத்தகைய தலைகீழ் மாற்றம் நடந்ததுண்டு. அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்திய இரவுக்குரிய பெயரையே தலைப்பாகச் சூடிக்கொண்டு, 1978இல் ‘ஹாலோவீன்’ என்னும் குறைந்த செலவுக் கொலைப்படம் வெளிவந்தது. புனிதரை நினைக்கும் திருநாளின் பெயர் கத்தியேந்திய முகமூடிக்காரனை நினைவூட்டுவதாயிற்று.

இயக்குநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. தெருவில் கிடந்த கதையை அவர் எடுத்தார். கற்பனை என்றே அளித்தார். அது தெருவில் கிடந்ததற்குப் பொறுப்பாளிகள் நாம். ஒரு கொடையாளரின் வரலாற்றை நம் மறையுரைகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் சொல்லாமல் விட்டோம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் பேய் குடியேறிற்று.

இதை எழுதும் நமக்கே இதில் பங்குண்டு. படம் வந்த புதிதில், சாக்ரீஸ்தியில் கூச்சலிட்ட பீடச்சிறுவர்களை அடக்க, “டிமான்டி வருகிறான்” என்று நாமே மிரட்டியிருக்கிறோம். அவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். சில ஆண்டுகளுக்குப் பின் கோவளம் சென்று அவர் அடங்கிய ஆலயத்தில் முழந்தாளிட்டபோதுதான் அச்சிரிப்பு நம்மைச் சுட்டது. உயிரோடிருப்பவர்மீது பொய் சொன்னால் அவர் எழுந்து மறுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். இறந்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எட்டாம் கட்டளை கல்லறை வாயிலோடு நின்றுவிடுவதில்லை.

அன்று நம் அங்கியைப் பற்றியிருந்த சிறுவனிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். மௌனமாய்க் கேட்டான். அவ்வாண்டு கல்லறைத் திருநாளில், இறந்தோர் பெயர்ப் பட்டியலுக்காக வந்த சீட்டுகளுள் ஒன்று அவன் கையெழுத்தில் இருந்தது. தாத்தாவின் பெயருக்குக் கீழே ‘ஜான் டி மான்டி, கோவளம்’ என எழுதியிருந்தான். மெழுகுதிரிகள் எரிந்த அக்கல்லறைத் தோட்டத்தில் அப்பெயரை நாம் வாசித்தபோது இளைஞர் சிலர் சிரித்துவிட்டார்கள். அடுத்த பெயருக்கு உடனே செல்லாமல் சற்று நிறுத்தினோம். சிரிப்பு அடங்கியது. “நித்திய இளைப்பாற்றி” என நாம் தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

படத்தைப் பார்க்க வேண்டாமென நாம் தடுக்கவில்லை. பார்த்தபின் இரு காரியங்களைச் செய்யுங்கள் என்றே கேட்கிறோம். பிறருக்குரிய பொருள் ஏதேனும் உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறருக்குரிய நற்பெயர் ஏதேனும் உங்கள் நாவில் சிக்கியிருக்கிறதா என்று மனத்தைத் திறந்து பாருங்கள். இரண்டையும் உரியவரிடம் சேர்த்துவிட்டு, கதவைச் சாத்தி நிம்மதியாக உறங்குங்கள்.